வண்டி இல்லாமல் ஒரு குடித்தனம்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு கேள்வி வந்தது. திருவண்ணாமலைப் பக்கம் இருக்கும் என் மாணவர் ஒருவரின் மகளுக்கு இங்கே வேலை கிடைத்திருக்கிறது. குரோம்பேட்டையில் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து ஒரு சின்ன வீடு எடுத்திருக்கிறாள். "டீச்சர், வீட்டுச் சாமான் எல்லாம் எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும்? அவளிடம் வண்டி கிடையாது" என்று கேட்டிருந்தார். ஆளாளுக்குப் பதில் போட்டீர்கள். பாதிப் பேர் ஏதோ செயலியின் பெயரைச் சொன்னீர்கள். மீதிப் பேர் "ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போய்..." என்று ஆரம்பித்தீர்கள். கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விடை எழுதும் பழக்கம் உங்களை விட்டு இன்னும் போகவில்லை.

நான் 1986-இல் இருந்து குரோம்பேட்டைவாசி. எங்கள் வீட்டில் ஒரு நாளும் கார் இருந்ததில்லை, ஸ்கூட்டரும் இருந்ததில்லை. அவர் கிண்டி தொழிற்பேட்டைக்கு ரயிலில் சீசன் டிக்கெட்டில் போய் வந்தார். நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். இரண்டு பிள்ளைகளை வளர்த்து, ஒரு கல்யாணம் செய்து, நான்கு முறை வீடு மாறி, அத்தனைச் சாமானையும் ரயில், பஸ், ஷேர் ஆட்டோ, மீன்பாடி வண்டி, தோள், இடுப்பு ஆகியவற்றின் துணையோடுதான் கொண்டுவந்து சேர்த்தோம். அதனால் இந்தப் பாடத்தை நடத்த எனக்குத் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் கணக்கு. கணக்கு டீச்சரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பீர்கள்? ஒரு பொருளின் விலை என்பது அதில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள தொகை மட்டும் இல்லை. அதோடு போக வர ஆகும் செலவையும், வீட்டு வாசலில் இருந்து மாடி வரை ஏற்றும் பாட்டையும் கூட்ட வேண்டும். தியாகராய நகரில் 80 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது என்று ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மை வாங்கிவிட்டு, அதற்கு ஆட்டோவுக்கு 400 ரூபாய் கொடுத்தால் நீங்கள் 320 ரூபாய் நஷ்டத்தில் இருக்கிறீர்கள். அதே பயணத்தில் குக்கர், தோசைக்கல், தட்டு, டம்ளர் என்று ஒரு கட்டைப்பைக்குள் அடங்குகிற பத்துச் சாமானை வாங்கி ரயிலில் வந்தால், போக வர 10 ரூபாய்தான் செலவு. ஆக, எதை எங்கே வாங்குவது என்பதை அதன் விலையோடு அதன் பருமனும் எடையும் சேர்ந்து தீர்மானிக்கும். வண்டி இல்லாதவர்களுக்கு இதுதான் முதல் சூத்திரம்.

இப்போது இடங்களுக்கு வருகிறேன்.

முதலில் நம்ம ஊர். குரோம்பேட்டை என்ற பெயர் குரோம் லெதர் கம்பெனியால் வந்தது என்பதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறையின் பெயர் ஒரு ஊருக்கே ஒட்டிக்கொண்டது. நாங்கள் குடிவந்தபோது ஜி.எஸ்.டி. ரோட்டில் சில பாத்திரக் கடைகளும் மளிகைக் கடைகளும்தான் நினைவில் நிற்கின்றன. ஒரு நல்ல புடவைக்கும் பித்தளைக் குத்துவிளக்குக்கும் மாம்பலம் போக வேண்டும். இன்று அதே ரோட்டில் சரவணா ஸ்டோர்ஸ் இருக்கிறது, போத்தீஸ் இருக்கிறது. மாம்பலமே இங்கே வந்துவிட்டது என்று சொல்கிறார்கள். பாதி உண்மைதான்.

மிக்சி, கிரைண்டர், கேஸ் அடுப்பு, மின்விசிறி, மெத்தை, பீரோ இவற்றை உள்ளூரிலேயே வாங்குங்கள். கனமானவை, பெரியவை, நாளைக்குப் பழுதானால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பில்லும் வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் கேட்டு வாங்குங்கள். "வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பீர்களா? எத்தனாவது மாடி வரைக்கும்?" என்று பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும். இன்னொன்று: கேஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய் போல தீப்பிடிக்கக்கூடிய எதையும் ரயிலில் எடுத்துப் போகக் கூடாது. அது சட்டப்படி குற்றம்.

அடுத்து மாம்பலம். கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓட ஆரம்பித்தது. உங்களில் பலர் மீட்டர் கேஜ் வண்டியில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனவர்கள். 2004-இல் அது அகலப் பாதைக்கு முழுமையாக மாறியது. தியாகராய நகர் 1920-களில் மாம்பலத்தின் பெரிய ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய குடியிருப்பு. வீடுகளுக்காகப் போட்ட நகரின் ஓரத்தில், ரயில் நிலையத்து வாசலில் தொடங்கி உஸ்மான் சாலையில் முடிகிற ஒரு சின்னத் தெரு, ரங்கநாதன் தெரு, அரை கிலோமீட்டர்கூட இல்லாத தெரு, எப்படி இவ்வளவு பெரிய சந்தையானது? ரயில்தான் காரணம் என்பது என் அபிப்பிராயம். செங்கல்பட்டில் இருந்தும் தாம்பரத்தில் இருந்தும் குறைந்த கட்டணத்தில் ஆயிரக்கணக்கான பேர் அந்த வாசலில் வந்து இறங்குகிறார்கள். கூட்டம் வருவதால் கடைக்காரர் ஒரு டம்ளரில் ஒரு ரூபாய் லாபம் வைத்தாலே போதும் என்று விற்க முடிகிறது. கார் நிறுத்த இடமே இல்லாத தெருவில் இத்தனை வியாபாரம் நடப்பதைப் பார்த்தால், அந்தச் சந்தையை வளர்த்தவர்கள் கட்டைப்பையோடு வந்த நம்மைப் போன்றவர்கள் என்பது விளங்கும்.

குரோம்பேட்டையில் ஏறினால் எட்டாவது நிலையம் மாம்பலம். பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி, சைதாப்பேட்டை, மாம்பலம். டிக்கெட் 5 ரூபாய். செவ்வாய், புதன் காலை பத்தரை மணிக்குப் போய் ஒரு மணிக்குள் திரும்பிவிடுங்கள். ஆபீஸ் கூட்டமும் இருக்காது, பள்ளிக்கூடக் கூட்டமும் இருக்காது. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் அந்தத் திசைக்கே ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள். தெருவின் நெரிசல் வேண்டாம் என்பவர்களுக்கு 2023-இல் திறந்த ஆகாய நடைமேடை இருக்கிறது. ரயில் நிலையத்தில் இருந்து தியாகராய நகர் பஸ் நிலையம் வரை தலைக்கு மேலேயே நடந்து போய்விடலாம்.

பாத்திரம் வாங்கும்போது சில விஷயங்கள். எவர்சில்வரை விரலால் தட்டி ஓசை பார்ப்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிட முக்கியம், விளிம்பைத் தடவிப் பார்ப்பது. மடித்து உருட்டிய விளிம்பு கையை வெட்டாது. ஒரே அளவுள்ள இரண்டு பாத்திரங்களை இரண்டு கையிலும் தூக்கிப் பாருங்கள். கனமானதுதான் அடிப்பிடிக்காமல் உழைக்கும். குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள். விலை பாதியாக இருந்தாலும் வேண்டாம். "காந்தம் ஒட்டினால் மட்டம்" என்று ஒரு பேச்சு உண்டு. அதை வைத்து மட்டும் தரத்தை முடிவு செய்ய முடியாது. தவிர, இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருக்கிறவர்களுக்கு அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேலைக்கு ஆகும். கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டு போவது அதற்குத்தான் பயன்படும்.

மூன்றாவது, பாரிமுனை. நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்த உலகமே தெரியாது. கோட்டை நிலையத்திலோ கடற்கரை நிலையத்திலோ இறங்க வேண்டும். டிக்கெட் 10 ரூபாய். அங்கே ஒவ்வொரு தெருவும் ஒரு பொருளுக்குப் பட்டா போட்ட மாதிரி. ஆண்டர்சன் தெருவில் காகிதமும் நோட்டும். கோடவுன் தெருவில் துணி. படுக்கை விரிப்பு, திரைச்சீலைத் துணி எல்லாம் அங்கே பார்க்கலாம். தேவராஜ முதலி தெருவில் கண்ணாடியும் படச் சட்டமும். ராசப்ப செட்டி தெருவில் நாட்டு மருந்து. கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மளிகை மொத்த வியாபாரம். காய்கறிக்குப் பேர்போன கொத்தவால் சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. பழைய புத்தகமும் பழைய சாமானும் கிடைத்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்து போனது. மற்ற தெருக்கள் இன்னும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

பாரிமுனையில் ஒரு சிக்கல் உண்டு. மொத்தக் கடைக்காரர் ஒரு பக்கெட், ஒரு டப்பா என்று கொடுக்க மாட்டார். "டஜனா எடுத்துக்கோங்கம்மா" என்பார். நாங்கள் கண்டுபிடித்த வழி, நான்கு குடும்பமாகச் சேர்ந்து போவது. எங்கள் தெருவில் நான், பக்கத்து வீட்டு மாமி, எதிர்வீட்டு மேரியக்கா, பின் தெருவில் இருந்த நூர்ஜஹான், நான்கு பேரும் வருடம் இரண்டு முறை போவோம். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவரவருக்குத் தங்களைத் தெரியும்.) ஒரு டஜன் டப்பாவை மூன்று மூன்றாகப் பிரித்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்து பிரித்தால் சண்டை வரும் என்று ரயிலிலேயே, மகளிர் பெட்டியில், தரையில் பரப்பிப் பிரித்துவிடுவோம். சைதாப்பேட்டை வருவதற்குள் கணக்கு தீர்ந்திருக்கும். பெரும்பாலான மொத்தக் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. சனிக்கிழமை காலையில் போங்கள்.

நான்காவது, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. ரயிலில் ஒரே ஒரு நிலையம். ஒரு காலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்த இடம். இப்போது செடி, பறவை, துணி, காய்கறியில் தொடங்கி, பழைய கட்டில், அலமாரி, தையல் மெஷின், சுத்தியல், ஸ்பேனர், கழற்றிய ஜன்னல் கதவு வரைக்கும் கிடைக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, நீங்கள் அங்கே சனிக்கிழமை காலையில் பழைய சாமான் சந்தைக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுகிறீர்களே, அதே சந்தை இங்கே நம் பக்கத்து ஊரில் வாராவாரம் நடக்கிறது.

மரச் சாமானையும் இரும்புச் சாமானையும் அங்கே தாராளமாக வாங்கலாம். மரத்தைத் திருப்பிப் போட்டு அடியில் துளை இருக்கிறதா, மாவு உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால் பூச்சி அரித்திருக்கிறது. மின்சாரப் பொருள் என்றால் அங்கேயே பிளக்கில் சொருகி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். செல்போன் மட்டும் பில் இல்லாமல் எக்காரணம் கொண்டும் வாங்க வேண்டாம். அது யாருடைய பையில் இருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது.

இந்த நான்கு இடத்தையும் ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்பதற்கு இப்போது வருகிறேன்.

2022-இல் ஒரு நாள் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பெயர் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதத்தில் கெட்டிக்காரி. கல்யாணம், இரண்டு பிள்ளைகள், அதற்குப் பிறகு புருஷன் வீட்டில் இருக்க முடியாத நிலை. மூன்று வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகளோடு கட்டின துணியோடு வெளியே வந்துவிட்டாள். நாகல்கேணியில் 4,500 ரூபாய் வாடகைக்கு ஒரு அறையும் சமையற்கட்டும். தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் வளாகத்துக்குள் ஒரு கம்பெனியில் 11,000 ரூபாய் சம்பளம். கையில் தோட்டை விற்ற பணம் 15,000 ரூபாய். அடுப்பும் சிலிண்டரும் மட்டும் அவள் அண்ணன் கொண்டுவந்து வைத்திருந்தார். பிள்ளைகள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவள் என்னிடம் சாமான் கேட்கவோ பணம் கேட்கவோ வரவில்லை. ஒரு காகிதத்தைக் காட்டி, "டீச்சர், இதில் கையெழுத்துப் போடலாமா? நீங்கள் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். ஒரு கடையின் தவணைத் திட்டம். கடையின் பெயர் இங்கே வேண்டாம். கட்டில், மெத்தை, பீரோ, மிக்சி, டி.வி., ஃபிரிட்ஜ், பாத்திர செட் எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய் என்று போட்டிருந்தது. முன்பணம் இல்லை. வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். மாதம் 2,500 ரூபாய் வீதம் 18 மாதம்.

"நீயே பெருக்கிப் பாரும்மா" என்றேன். மனதிலேயே பெருக்கினாள். "45,000 டீச்சர்." "அதிகம் எவ்வளவு?" "11,000." "உன் சம்பளத்தில் வாடகை போக என்ன மிச்சம்?" "6,500." "அதில் 2,500 போனால்?" அவள் பதில் சொல்லவில்லை. நான்காயிரத்தில் மூன்று பேர் சாப்பிட்டு, பஸ்ஸுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் காய்ச்சல் மருந்துக்கும் கொடுக்க வேண்டும். ஒரு மாதம் தவணை தவறினால் அபராதம். இரண்டு மாதம் தவறினால் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். ஒரு வீட்டில் வாங்கின பேச்சு போதாதென்று இன்னொரு இடத்தில் பேச்சு வாங்க வேண்டுமா என்பதுதான் என் கவலை.

அவள் கவலை வேறு. "அந்த 34,000-க்கு வேற எங்க டீச்சர் போறது? வண்டிச் சத்தமே ஆயிரக்கணக்கில் ஆகுமே. அவங்கன்னா வீட்டுக்கே வந்து இறக்கிடறாங்க" என்றாள். அவளைப் பொறுத்தவரை அந்தக் காகிதத்தில் இருந்த பெரிய ஈர்ப்பு டி.வி.யும் ஃபிரிட்ஜும் இல்லை. வீட்டு வாசலில் இறக்கித் தருகிறோம் என்ற ஒரு வரிதான். வண்டி இல்லாதவர்களிடம் கூடுதல் பணம் வாங்கும் வழி அந்த வரிக்குள்தான் இருந்தது.

இருவரும் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். உடனே வேண்டியது, ஒரு வருடம் பொறுக்கலாம் என்பது, தேவையே இல்லாதது என்று மூன்று கட்டம். டி.வி.யும் ஃபிரிட்ஜும் இரண்டாம் கட்டத்துக்குப் போயின. பிறகு அவளுக்கு விடுமுறை கிடைத்த நாட்களில், மூன்று வாரங்களில் முடித்தோம். கணக்கை அப்படியே தருகிறேன். அவள் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

மாம்பலத்தில் குக்கர், தோசைக்கல், வாணலி, சாப்பாட்டுத் தட்டு நான்கு, டம்ளர் ஆறு, சொம்பு, கரண்டி வகைகள், குடம்: 3,900 ரூபாய். பாரிமுனையில் பக்கெட், மக், மளிகை டப்பாக்கள், கோரைப் பாய், துடைப்பம்: 1,350. டஜன் வாங்க வேண்டியதை அவள் கம்பெனித் தோழிகள் இரண்டு பேரோடு பங்கு போட்டோம். பல்லாவரம் சந்தையில் பழைய இரும்புக் கட்டில், ஒரு மர அலமாரி, பிள்ளைகள் எழுத ஒரு மேசை, ஓட்டிப் பார்த்து வாங்கிய டேபிள் ஃபேன்: 2,750. குரோம்பேட்டையில் புது மிக்சி, வாரண்டியோடு: 2,600. இலவம்பஞ்சு மெத்தை இரண்டு, தலையணையோடு: 2,400. மொத்தம் 13,000 ரூபாய்.

போக்குவரத்து: மாம்பலத்துக்கு இரண்டு பேருக்குப் போக வர 20. பாரிமுனைக்கு 40. பல்லாவரத்துக்குப் போனது பெண்களுக்கான இலவசப் பஸ்ஸில், 0. திரும்பும்போது கட்டிலைக் கழற்றி அலமாரியோடு மீன்பாடி வண்டியில் ஏற்றி நாகல்கேணிக்குக் கொண்டுவர 300. ஆக 360 ரூபாய். 15,000-இல் 13,360 போக 1,640 கையில் நின்றது. கடன் ஒரு பைசா இல்லை. அதன் பிறகு மாதம் ஆயிரம் ரூபாய் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கில் போட்டு, பதினான்காவது மாதம் ரொக்கம் கொடுத்து ஃபிரிட்ஜ் வாங்கினாள்.

மாம்பலத்துப் பாத்திரக் கடையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பில் போட்ட பிறகு, பேர் வெட்டுகிற பையன் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன பேர் போடணும்க்கா?" என்று கேட்டான். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாணச் சீரில் அப்பா பேரோ அம்மா பேரோ இருக்கும். சொந்தமாக வாங்கினால் வீட்டுக்காரர் இனிஷியலோடு போடுவார்கள். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு, "தட்டுல மட்டும் போடுங்க தம்பி. ஒண்ணுல என் பொண்ணு பேர், ஒண்ணுல என் பையன் பேர். இன்னொண்ணுல என் பேர்" என்றாள். "நாலாவது?" என்று கேட்டான். "அது யாராவது வந்தா சாப்பிட. சும்மா விட்டுடுங்க" என்றாள். அந்த நான்காவது தட்டில் நான் பல முறை சாப்பிட்டிருக்கிறேன்.

இலவசப் பஸ் என்றதும் உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். குடும்பக் குழுவில் அந்த விவாதம் நடந்ததையும் பார்த்தேன். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரசியலை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். நான் வீட்டுக் கணக்கை மட்டும் சொல்கிறேன். வருமானம் குறைந்தவர்கள் பெரும்பாலும் பொருளுக்கு அதிக விலை கொடுக்கிறார்கள். பஸ்ஸுக்குக் காசு இல்லாததால் தெருமுனைக் கடையிலேயே வாங்குகிறார்கள். மொத்தமாகப் பணம் இல்லாததால் எண்ணெயைப் பாக்கெட்டாகவும் ஷாம்பூவைச் சாஷேயாகவும் வாங்குகிறார்கள். அண்ணாச்சி கடையில் கணக்கில் கொடுப்பார் என்பது பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கில் வாங்குகிறவர் விலை பேச முடியாது. போக வரச் செலவில்லை என்றால் ஒரு பெண் இரண்டு கடைக்குப் போய் விலை கேட்டுவிட்டு, வாங்காமல் திரும்பி வரலாம். வாங்காமல் திரும்பி வர முடிகிறவரிடம்தான் கடைக்காரர் விலையைக் குறைப்பார். ஆண்களுக்கும் ஒரு செய்தி: சென்னையில் 60 வயது கடந்தவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதம் 10 இலவச டோக்கன் கொடுக்கிறது. கௌரவம் பார்க்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. முழங்கால் வலி வந்த பிறகு நானே அரிசி மூட்டையை அப்படித்தான் வரவழைக்கிறேன். ஆனால் குக்கரின் கனமும் மெத்தையின் அடர்த்தியும் செல்போன் படத்தில் தெரியாது. முகவரிச் சான்றும் வங்கி அட்டையும் இல்லாத, பகல் முழுக்க வீட்டில் ஆள் இல்லாத ஒரு பெண்ணுக்கு அது அவ்வளவு எளிதும் இல்லை.

குறைகளும் உண்டு. சாமானோடு வருகிறவர்களுக்கு நம் ரயில் நிலையங்களின் படிக்கட்டு ஒரு தண்டனை. ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடப்பது இன்னொன்று. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டோம். கையில் ஒரு குடத்தோடு பெண் ஒருத்தி தடுக்கி விழாமல் நடந்து வர ஒரு நடைபாதை இருந்தால் இன்னும் சந்தோஷப்படுவோம். உங்களில் பொறியாளர்களாகவும் அரசுப் பணியிலும் இருப்பவர்கள் இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது எடுத்துக்கொள்ள வேண்டியவை: கட்டைப்பை இரண்டு, மஞ்சப்பை ஒன்று, பழைய துண்டு ஒன்று (கண்ணாடி, பீங்கான் சுற்றி வர), இரண்டு முழம் கயிறு, இஞ்ச் டேப், வீட்டுக் கதவின் அகலமும் மாடிப்படியின் அகலமும் எழுதிய சீட்டு. கடைசியாகச் சொன்னதை மறந்தால், வாங்கிய கட்டில் தெருவில்தான் கிடக்கும். தண்ணீர் பாட்டில். இரண்டு கையிலும் சம எடையாகத் தூக்குங்கள். ஒரே கையில் தூக்கினால் மறுநாள் இடுப்பு பேசும்.

இப்போது ஒரு வேண்டுகோள். உங்கள் எல்லோர் வீட்டுப் பரணிலும் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கல்யாணத்தில் வந்த எவர்சில்வர் டிபன் கேரியர் மூன்று, புதுமனைப் புகுவிழாவில் வந்த குடம் நான்கு, பிரிக்காத ஹாட்பேக், கிரைண்டர் வந்த பிறகு ஒதுக்கிய மிக்சி. பத்து வருடமாக அந்தப் பக்கம் யாரும் ஏறவில்லை. நாகல்கேணி, பொழிச்சலூர், பம்மல் பக்கம் புதிதாகக் குடித்தனம் போடுகிற பெண்கள் மாதம் ஒருத்தியாவது என்னிடம் வருகிறார்கள். யாரும் இலவசமாகக் கேட்பதில்லை. ஆனாலும் கொடுத்தால் மதிப்பார்கள்.

பரணில் இருப்பதை இறக்கித் தேய்த்து, ஓட்டை உடைசல் இருந்தால் தனியாக ஒதுக்கிவிட்டு, நல்லதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள். வெட்டியிருக்கும் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலையில் வீட்டில்தான் இருப்பேன். கார் வைத்திருக்கிறவர்கள் காரிலேயே கொண்டுவந்து இறக்கலாம். கார் எதற்குத்தான் இருக்கிறது?

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்